பேர் சொல்லுகிற இடம்

கொல்லயில்,
நவம்பர் 9

சத்தியபாய்க்கு விஜயதாஸ் எழுதுவது.

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே, பேரனுக்குச் சபையில் பெயர் சொல்லும் இடத்தை என்னிடமிருந்து எடுத்து உன் தம்பி யோசுவாவுக்குக் கொடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் இன்னும் அணையவில்லை என்று தெரியாமல், "அவருக்கு அது ஜென்மத்துக்கும் வராது மக்கா, மாமன் சொல்லட்டு" என்று நீ மகள் பிஜியிடம் சொன்னதை நான் இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகன் எபின் சிரித்ததும் கேட்டது. இது அநியாயம். அன்றிலிருந்து நான் போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான். எனக்குக் காது மந்தம் என்று அங்கே பேசிக்கொள்ள வேண்டாம்.

பிஜியோடு வேலைபார்க்கும் ஷைலஜா, லீவு முடிந்து வியாழக்கிழமை இங்கிலாந்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருந்து வாசி.

சபை வழக்கம் உனக்குத் தெரியாதது அல்ல. மகளின் முதல் பிள்ளைக்கு அவள் பிறந்த சபையில் ஞானஸ்நானம். போதகர் பெயர் என்ன என்று கேட்டதும் தாயின் அப்பன் எழுந்து, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும். அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே அழைத்துத்தான் போதகர் தண்ணீர் தெளிப்பார். அப்பன் இல்லாத வீட்டில்தான் தாய்மாமன் எழுந்து நிற்பது. யோசுவா எழுந்தால் சபையார் என்ன கேட்பார்கள்? விஜயதாஸ் எப்போது செத்தார் என்றுதானே கேட்பார்கள்?

நான் தப்பாகச் சொன்னால் பிள்ளைக்கு அந்தத் தப்பே பெயராகிவிடும் என்று நீ பயந்தாய். பயம் இருந்தால் அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எபினிடம் அல்ல.

பெயரும் லேசான பெயர் இல்லை. நாம் வேதத்தில் சீயோன் என்று வாசிப்பதை, இங்கிலீஷ்காரன் வாயில் வருகிறமாதிரி வேண்டும் என்கிறாள் பிஜி. அதன் முதல் ஒலிக்குத் தமிழிலும் எழுத்து இல்லை, மலையாளத்திலும் இல்லை. இங்கே ஸயன் என்று எழுதுகிறேன். வாசிக்கும்போது ஒலியை நீ சரிபண்ணிக்கொள். போதகரிடம் போய்ச் சொன்னேன். "சீயோன்னே சொல்லும், கர்த்தருக்குப் புரியும்" என்றார். கர்த்தருக்குப் புரியும்; நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறவர்களுக்குப் புரியவேண்டாமா? பெற்றவள் வைத்த பெயரை என் நாக்கின் வசதிக்காக மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பனச்சமூட்டில் கடை போட்ட நாளிலிருந்து மோட்டார் வேலையோடு பல்பும் விற்கிறேன். படுக்கிற அறையில் எரிகிற குட்டி பல்பை இந்தப் பக்கத்து ஆட்கள் ஸீரோ பல்பு என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஜீரோ பல்பு என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இரண்டும் தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. ஸவும் ஜவும் கலந்தால் நடுவிலே அந்த ஒலி கிடைத்துவிடும் என்று நினைத்து, அதையே கொஞ்சநாள் சொல்லிப் பார்த்தேன். தும்மல் மாதிரி ஒன்று வந்தது. கடைக்கு வந்தவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள்.

பிறகு மொபைலில் ஒரு வெள்ளைக்காரி வாயைத் திறந்து காட்டியதைப் பார்த்தேன். தொண்டையில் விரலை வைக்கச் சொன்னாள். ஸ என்றால் விரலில் ஒன்றும் தெரியாது, வெறும் காற்று. அந்த ஒலிக்கு அதே காற்றுதான், அதே நாக்குதான். ஆனால் தொண்டை அதிரவேண்டும். அவள் சொன்ன இங்கிலீஷ் முழுவதும் எனக்குப் பிடிபடவில்லை. இது பிடிபட்டது. மோட்டாருக்குள் கரண்டு பாய்ந்தும் அது சுற்றாமல் நின்றுகொண்டு முழங்குமே, அந்த முழக்கத்தைத் தொண்டையில் பிடித்து, ஸவுக்கு அடியில் வைக்கவேண்டும். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். இதையும் அப்படியே பிரித்தேன்.

ஒருநாள் ஆள் இல்லாத மத்தியானத்தில் கடையில் இருந்து முழங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தையல்கடை விலாசினி ஓடி வந்தாள். "அண்ணா, மோட்டாரு முழங்குது, காயில் எரிஞ்சு போவும், ஆப் பண்ணும்!" என்றாள். என்னைப் பார்த்ததும், "அய்யோ, அண்ணனாக்குமா முழங்கினது!" என்று ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஒருதடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "முழக்கம் உண்டு. காத்து மொத்தமும் முன்னாடி வழியா போவுது. பல்லு எங்க?" என்றாள்.

நீ மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க அங்கே போனதிலிருந்து பல்செட் தம்ளரில்தான் கிடந்தது. கஞ்சிக்கும் பயறுக்கும் பல் வேண்டாம். பேசுவதற்கும் வீட்டில் ஆள் இல்லை. எடுத்து மாட்டினால் ஈறில் நிற்கவில்லை, ஆடியது. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் பிள்ளை, "என்ன தின்னும்போ இளகுது, அப்பூப்பா?" என்று கேட்டது. தின்பதற்கில்லை, ஒரு எழுத்துச் சொல்லவேண்டும் என்றேன். "எழுத்துக்கா?" என்று கையுறையோடு நின்றுவிட்டது. பிறகு அடியில் ஏதோ பூசி, மாட்டி, சொல்லச் சொல்லி, கழற்றி, ராவி, மறுபடியும் மாட்டியது. வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, உள்ளே நான் பேரன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எந்தத் தடவை சரியாக வந்தது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எனக்கே தெரிந்தது. ஈறில் ஒரு கூச்சம் ஓடியது.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஏறி நேரே நெய்யாற்றின்கரை போனேன். யோசுவா இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் என்றுதானே அவனைப் பிடித்தாய்? அவன் முன்னால் போய் நின்று சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இன்னொருக்கா சொல்லுங்க அத்தான்" என்றான். சொன்னேன். "சரியாக்கும். ஆனா நான் மாட்டேன்னு சொன்னா அக்கா என்னெ ஏசுவா. நீங்களே அவகிட்ட பேசிக்கிடுங்க" என்றான். இவ்வளவு வயதாகியும் அவன் உனக்குப் பயப்படுகிறான். நான் பயப்படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாயங்காலம் பல் இளகினால் ஒலி கொஞ்சம் மங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். ஆராதனை காலையில்தான்.

மற்றபடி இங்கே மழை விட்டபாடில்லை. வடக்குப் பக்கத்து ஓடு இரண்டு மாற்றினேன். தேங்காய் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. நீ நட்ட கருவேப்பிலை தழைத்து ஜன்னலை மறைக்கிறது. வெட்டச் சொல்லுகிறார்கள், நான் வெட்டவில்லை. பிரஷர் மாத்திரை தின்கிறேன். உன் விசாவை நீட்ட முடியுமா என்று பிஜி ஷைலஜாவிடம் விசாரித்தாளாம். ஷைலஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி நடக்கவேண்டியதை எழுதுகிறேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

யோசுவா எனக்குப் பக்கத்தில் நிற்கட்டும். என் தொண்டை அடைத்தால் தண்ணீர் கொடுக்கலாம். வாயைத் திறக்கக்கூடாது.

எபின் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பதென்றால் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வரட்டும்.

பிஜி, பெயர் மாறவில்லை என்று போதகருக்கு அவளே போன் பண்ணிச் சொல்லவேண்டும். அப்பன் சொல்லுவார் என்றும் சொல்லவேண்டும். நீங்கள் எல்லாரும் ஞானஸ்நானத்துக்கு வருகிற டிசம்பர் டிக்கெட்டில் யாருடைய தேதியையும் அவள் மாற்றக்கூடாது.

ஷைலஜாவிடம் ஒன்றும் விசாரிக்க வேண்டாம். அவளுக்கு நான் சொல்லிக்காட்டவில்லை. பிள்ளையின் பெயரை நீங்கள் முதலில் என் வாயிலிருந்து கேட்பது சபையில்தான்.

நீ பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் இருக்கவேண்டும். தூணுக்குப் பின்னால் போய் இருக்காதே. சொல்லி முடித்ததும், சரியாக வந்ததா என்று நான் உன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

கர்த்தர் பிள்ளையையும் உங்களையும் காத்து, பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

விஜயதாஸ்