மூன்று படத்தில் ஒரு நடை

11 ஜூன் 1991
ஸ்பேனர்க்காரி இன்று நடந்தாள். லிஃப்ட் பழுதான கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிப்போய் அதைச் சரிசெய்பவள். எங்கள் வீடியோ கேமின் நாயகி. உயரம் என் சுண்டுவிரல் நகம் அளவு. நடைக்கு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட நான்கு படம் வரைந்து வைத்திருந்தேன். கேசட்டில் மூன்றுக்குத்தான் இடம் என்றார் புரோகிராமர். மனிதர் ஒரு புள்ளிகூட விட்டுத்தர மாட்டார், அதனால் நான் வைத்த பெயர் கஞ்சன். ஒன்றை எடுத்துவிட்டேன். இடது கால் இழுக்கிறது. இழுக்கட்டும், நடக்கிறாளே.

14 ஜூன்
முதலாளி வந்தார். திரையைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"உன்னையே வரைஞ்சு வச்சிருக்கியாம்மா?"

இல்லை. சத்தியமாக இல்லை. பிறந்ததிலிருந்தே என் இடது கால் கட்டை. அதை நான் ஏன் வரையப் போகிறேன்? இடம் போதவில்லை, அவ்வளவுதான் என்றேன். நம்பவில்லை. நொண்டிப் பொம்மையை எவன் வாங்குவான் என்று கஞ்சனிடம் முணுமுணுத்துவிட்டுப் போனார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

15 ஜூன்
எரிச்சல்.

18 ஜூன்
கஞ்சன் ஆட்டத்தின் பின்னணியில் இருந்த மேகங்களை எடுத்துவிட்டு இடம் பிடித்துத் தந்தார். நல்லதுதான் நினைத்தார், பாவம். நான்காவது படத்தைத் திங்களுக்குள் கொடு, இல்லையென்றால் அவளைத் தூக்கிவிட்டு ஒரு பந்தைப் போடுவோம் என்கிறார் முதலாளி. படம் மேசை இழுப்பறையில் தயாராக இருக்கிறது. போன வாரம் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். இப்போது — ஏன் குடுக்கணும்? வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து நடக்காதே என்று சின்ன வயதில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தேன். போதும். அவ நடப்பா. இப்படித்தான் நடப்பா.

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "வேலை போனா போகுது. அந்தப் படத்தைக் குடுத்துட்டு மட்டும் வீட்டுக்கு வராதே."

24 ஜூன்
படத்தைக் கிழித்து முதலாளி மேசையில் வைத்தேன்.

அவளுக்குப் பதில் பந்து போட்ட ஆட்டத்தை அவர் ஓடவிட்டார். ஒரு ஆட்டம், ஒரு கொட்டாவி. அடுத்து ஸ்பேனர்க்காரி, எவ்வளவு மட்டம் என்று எங்களுக்குக் காட்டுவதற்காக. வலது கால் ஊன்றும் அந்த நொடியில் பொத்தானை அழுத்தினால்தான் அவள் தாவுவாள். முதலாளி மூன்றாம் மாடியில் விழுந்தார். மறுபடி ஏறினார். மறுபடி விழுந்தார். சாப்பாடு ஆறிப்போனது.

"பந்தை ஒரு தடவைதான் சார் ஆடினீங்க," என்றார் கஞ்சன்.

முதலாளி மறுபடி முதல் மாடியிலிருந்து தொடங்கினார். நாற்காலியை விட்டு எழவே இல்லை.

3 செப்டம்பர் 2019
ஸ்பேனர்க்காரி ஆட்டத்தின் ஒன்பதாம் பாகம் தொடங்குகிறார்கள். கூப்பிட்டிருந்தார்கள், போனேன். இப்போது நடைக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாமாம். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வரைய வந்திருக்கும் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அவங்க நடை மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது மேடம். கால் இடுப்புலேருந்து இழுக்குதா, முட்டியிலேருந்தா?"

ஸ்பேனர்க்காரி நான் இல்லை என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிவருகிறேன்.

எழுந்தேன். அத்தனை பேர் பார்க்கக் கதவு வரை நடந்து திரும்பினேன். சரியாகப் பார்க்கவில்லை என்றாள். இன்னொரு முறை நடந்தேன்.