மடக்க எவ்வளவு நேரம் ஆகும்

பாப்பாவுக்கு,

மடக்கி லாரியில ஏத்திட்டு வந்து விரிக்கிற கன்டெய்னர் வீடு வாங்கலாமான்னு கேட்டிருந்தே. பன்னிரண்டு வருஷமா அதைக் கொண்டுபோய் நிறுத்துற வேலைதானே எனக்கு, சொல்றேன். தரை மட்டமா இருக்கணும், இல்லேன்னா கதவு சாத்த வராது. கிரேன் திரும்பத் தெரு அகலமா இருக்கணும். கூரை இணைப்புல தண்ணி ஊத்திப் பார்க்காம கையெழுத்துப் போடாதே.

வாங்க வர்றவங்க எல்லாரும் விரிக்க எவ்வளவு நேரம் ஆகும்னுதான் கேப்பாங்க. நீ ஒருத்திதான் மடக்க எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டிருக்கே. அதுவும் மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள முடியுமான்னு.

முடியாதும்மா. நாலு ஆள் வேணும், சாமான் பூரா வெளியே எடுக்கணும், ஒரு நாள் முழுக்க ஆகும்.

மாப்பிள்ளை நல்லா இருக்காரான்னு இந்தத் தடவை நான் கேக்கலை.

வீடு கிடக்கட்டும். லாரியை மட்டும் எடுத்துக்கிட்டு வரட்டுமா?

அப்பா