எடைத் திருகாணியைத் தொட்டவருக்கு

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்கோங்க.

என் பந்து நேத்து மூணு தடவை குளத்துல விழுந்தது ஏன்னு தெரிஞ்சுபோச்சு. என் கோல்ஃப் மட்டைத் தலையில, நுனியில இருந்த எடைத் திருகாணியைத் தண்டுப் பக்கம் மாத்தியிருக்கீங்க. என் பந்து வலது பக்கம் வளையும். அதுக்குத்தான் பத்து வருஷமா இடது பக்கம் குறி வச்சு அடிக்கிறேன். நீங்க எடையை இடம் மாத்தி அந்த வளைவை எடுத்துட்டீங்க. பந்து வளையாம நேரா இடது பக்கக் குளத்துக்குப் போயிடுச்சு. இதுல 'உன் குறி சரியில்லை'ன்னு பேச்சு வேற.

உங்க மட்டை ரிப்பேர் கடைக்கு வர்றவங்க மட்டையைக் கேட்காம தொடுவீங்களா? பொண்டாட்டி மட்டைன்னா மட்டும் இளக்காரமா?

பழையபடி மாத்திட்டேன். இன்னைக்குப் போட்டியில அப்படித்தான் அடிப்பேன்.

திருகுச் சாவி என் பையில இருக்கு. தேடாதீங்க.

இன்னொண்ணு. கடைசிக் குழிக்கு நாலு மணிக்கு வந்துடுவேன். பார்க்கணும்னா வாங்க. பந்து இடது பக்கம் கிளம்பினா பதறாதீங்க. அது திரும்பி வரும்.