நீ அனுப்பிய பூச்சு

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் விட்டது, பிடிவாதம்தான் விடவில்லை. நீ அனுப்பிய பூச்சு வந்து சேர்ந்தது. என் கையைப் பற்றிப் பெண் வீட்டுக்கு இன்னும் தெரியாது, கல்யாணத்துக்குப் பூசிக்கொண்டு வா என்று போனில் சொன்னாயே, பழகிப் பார்க்கலாமென்று பூசிக்கொண்டே தையல் கடைக்கு வேலைக்குப் போனேன். கட்டைவிரல் பக்கம் பொட்டாக ஆரம்பித்த வெள்ளை இப்போது மணிக்கட்டு வரை ஏறிவிட்டது, துணியை மடித்து வெட்டினாற்போல இரண்டு கையிலும் ஒரே மாதிரி. அத்தனையும் மறைந்துதான் போனது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு டீச்சர், நான் தைத்து வைத்திருந்த தன் வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தாள். அன்றைக்கென்று மின்சாரம் இல்லை, எனக்குக் கையெல்லாம் வியர்வை. காலரைச் சரிசெய்து கையை எடுத்தால் என் விரல்கள் அதில் பழுப்பாகப் பதிந்திருக்கின்றன, கையில் பூச்சு போன இடத்தில் வெள்ளை தெரிகிறது. அவள், ஐயோ ஒட்டிக்கிச்சே, தொடாதீங்க என்று கத்தினாள். ஈரத்துணியால் இரண்டு கையையும் அழுந்தத் துடைத்துக் காட்டினேன். டீச்சர், ஒட்டினது நோய் இல்ல, என் பையன் அனுப்பின பூச்சு, இது யாருக்கும் தொத்தாது என்றேன். காதிலேயே வாங்காமல் போய்விட்டாள். முதலாளி என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தைக்கச் சொல்லிவிட்டார். மீனும் தயிரும் சேர்த்துத் தின்றதால் வந்ததாம், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். முந்தின பிறவிப் பாவம் என்கிறாள் உன் அத்தை, அப்போதும் இவள்தான் எனக்கு நாத்தனாராக இருந்தாளோ என்னவோ.

எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை தம்பி, உன் மேல்தான். அந்த டீச்சர் அந்நியம், பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும். நீ இந்தக் கையால் உருட்டிக் கொடுத்ததைத் தின்றவன். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் என் கையைப் பற்றிச் சொல்லிவிடு. உனக்கோ உன் பிள்ளைக்கோ வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காதே. அவள் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கும் பயம்தான். இருந்தாலும் சொல். சொல்லிவிட்டுக் கூப்பிட்டால் பூசாத கையோடு வருவேன்.

நீங்கள் இருவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். கண் விழித்து வேலை பார்க்காதே, தலைக்கு எண்ணெய் வை. இப்போதைக்கு அப்பாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா