ரோசம்மாவின் விரல்களுக்கு

1938 ஆகஸ்டு 1, திங்கள்

எனக்குக் கண் போய்விட்டதாகத் தெருவில் பேச்சு. தவறு. கண்ணாடி போட்டால் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. கண் போனது ரோசம்மாவுக்கு.

கண் இல்லாமல் விரலுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க, கொல்லையில் கண்ணை மூடிக்கொண்டு கரண்டிக் காம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல்: “பாவம், பெரியம்மாவுக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு. கரண்டியத் தடவிப் பாத்துத்தான் சாப்பாடு போடுறாங்க.” மறுத்தால் இன்னும் நாலு தெரு போகும்.

காலையிலிருந்து ஆடிக்காற்று. இரண்டு முறை பெருக்கியும் புழுதி.

திருச்சி கான்வெண்டிலிருந்து பழைய மாணவிகளுக்கு வந்த கடிதத்தை மறுபடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ரோசம்மாவுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது, இப்போது கான்வெண்டுக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறாள், பிரார்த்தியுங்கள் என்று. ஆறு வருடம் ஒரே பெஞ்சு. ஒன்பது வருடமாகக் கடிதம் இல்லை. முதல் வார்த்தை நான்தான் சொல்ல வேண்டும்; காகிதத்தில் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

ஆகவே மெழுகு. ஒரே பெஞ்சில் இரண்டு பெண்கள், ஒரு விரல் உயரம். கான்வெண்டில் மதர் கற்றுக் கொடுத்த வேலை, கை மறக்கவில்லை. தேன்மெழுகு, குங்கிலியம், துளி நல்லெண்ணெய். குங்கிலியம் கொஞ்சம் கூடுதலாக. இந்த வெயிலுக்கு இளகக் கூடாது.

கருவிதான் இல்லை. வீட்டில் தேடிச் சேர்த்தவை: குடைக்கம்பி, முள்ளம்பன்றி முள், தென்னை ஈர்க்கு, கொண்டை ஊசி இரண்டு, காது குடையும் வெள்ளிக் குச்சி, மூங்கில் சிம்பு.

ஆகஸ்டு 3, புதன்

ஈர்க்கு வளைகிறது. மூங்கில் மெழுகைக் குடிக்கிறது. முள்ளம்பன்றி முள் அழகு. பின்னலில் மயிர் மயிராகக் கோடு விழுந்தது. வளையல், பாவாடைக் கரை, ஜாக்கெட்டுப் பொத்தான் எல்லாம் வந்தன. பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன், அசட்டுத்தனமாக.

மாலை செல்லாயிக்குக் கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தேன். பதினெட்டு வருடமாக இங்கே வேலை செய்கிறவள், என்னிடம் பயம் கிடையாது.

“கொழுக்கட்டைங்கம்மா.”

“சரியாகத் தடவிப் பார்.”

“ரெண்டு கொழுக்கட்டை. ஒட்டிக்கிருச்சு.”

“மூக்கு தெரியவில்லையா?”

“மூக்கா? எங்கிட்டு இருக்கு மூக்கு?”

பின்னலையும் தடவினாள், வளையலையும் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. கண்ணுக்குப் போட்ட கோடு விரலுக்கு எட்டாது. விரலுக்கு மேடு வேண்டும், பள்ளம் வேண்டும். கீறும் முனை உதவாது, அமுக்கும் முனை வேண்டும். மழுங்கலாக.

இரவுச் சாப்பாடு இரண்டு இட்லி.

ஆகஸ்டு 4, வியாழன்

சுப்பையா ஆசாரியின் நகைப் பட்டறை. என் தாலிக்கொடியை ஒரு தடவை செப்பனிட்டவர். காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தேன். மூன்று. ஒன்று புளியங்கொட்டை போல, ஒன்று மிளகு போல, ஒன்று நகம் போல வளைவு. பித்தளையில். இரும்பு மெழுகில் கறை விடுகிறது.

“முனை எம்புட்டுக் கூரா இருக்கணுங்கம்மா?”

“கூர் வேண்டாம். மழுங்கல்.”

“மழுங்கலாவா? கூரா வேணும்னு நூறு பேரு வருவாங்க. மழுங்கலா கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார். ஆட்டிய விதம் பிடிக்கவில்லை.

ஆகஸ்டு 6, சனி

மதியம் படுத்தேன். தூக்கமா விழிப்பா தெரியாத நிலை. காற்றில் ஜன்னல் கதவு ஆடுகிறது. அது பெஞ்சு ஆடுவதாகத் தோன்றுகிறது. பக்கத்தில் ரோசம்மா. தையல் வகுப்பு. அவள் முகம் திரும்பவில்லை, கைமட்டும் என் கையைத் தேடி வருகிறது. விரல் நுனியில் ஊசி குத்திய பொட்டுகள். அந்தப் பொட்டுகளைக்கூட எண்ண முடிகிறது. முகம்தான் வரவில்லை. நெடுநேரம் அப்படியே மிதந்துகொண்டிருந்தேன். செல்லாயி வந்து விறகு தீர்ந்துவிட்டது என்றாள்.

எழுதிவிட வேண்டியது: ஒன்பது வருடத்துக்கு முன், அவர் போன பதினாறாம் நாள், ரோசம்மா திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நான் அறைக்குள். தாலி கழற்றி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தக் கோலத்தில் அவள் என்னைப் பார்க்க வேண்டாம் என்று பட்டது. “இன்று பார்ப்பதற்கில்லை” என்று செல்லாயியிடம் சொல்லி அனுப்பினேன். ரோசம்மா உடனே போகவில்லையாம். வாசலில், வெயிலில் நின்றாளாம். அதற்குப் பின் அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

விறகு: இரண்டு கட்டு சொல்லியாயிற்று.

ஆகஸ்டு 8, திங்கள்

பட்டறை. துணியைப் பிரித்தார். மூன்றும் பளபளவென்று, ஊசி போல.

“மழுங்கல் சொன்னேன்.”

“சொன்னீங்கம்மா. கை கேக்கலையே. அரத்த எடுத்ததும் அது பாட்டுக்குக் கூராக்கிருச்சு. மழுங்கலா ஒரு சாமான இந்தப் பட்டறையிலேருந்து விட்டா எங்கப்பன் எந்திரிச்சு வந்துருவாரு.”

“வரட்டும். அவரிடமும் மழுங்கல் என்றே சொல்வேன்.”

உள்ளே அவர் மனைவி சிரிக்கும் சத்தம். நான் எழவில்லை. அங்கேயே உட்கார்ந்து முனைகளை ராவி மழுக்க வைத்தேன். வேப்பிலை மென்ற முகத்தோடு ராவினார். ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன். மூன்றும் சரி.

புதுக் கருவி என்பதால் தட்டில் மஞ்சள், குங்குமம், பூவோடு வைத்தார். எடுத்து நீட்டினார். நானும் கை நீட்டினேன். பாதி வழியில் அவர் கை நின்றது. உள்ளே பார்த்து, “ஏய், இங்கிட்டு வா” என்றார். என்னிடம், மெதுவாக: “புதுசுங்கம்மா. மொதக் கை சுமங்கலி கையா இருக்கணும். தப்பா நெனைக்காதீங்க.”

நீட்டிய கையை மடக்கவில்லை. மடக்கினால் ஒப்புக்கொண்டதாகும். அந்தப் பெண் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டை வாங்கினாள். நிமிர்ந்து பார்க்காமல் என் கையில் கொடுத்தாள். பத்து எண்ணும் நேரம் இருக்கும். காது இரண்டும் கொதித்தன. “தேங்க் யூ” என்றேன். ஏன் இங்கிலீஷில் சொன்னேனோ.

வரும் வழியில் வெயில். பத்து எண்ணும் நேரம் கை நீட்டி நிற்க எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செல்லாயியைக் கேட்டேன், அன்று ரோசம்மா எவ்வளவு நேரம் நின்றாள் என்று. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

“செவத்து நெழலு தெருவத் தாண்டுற மட்டும் நின்னாங்க. தண்ணி கொடுத்தேன். வேணாம்னுட்டாங்க.”

ஆகஸ்டு 9, செவ்வாய்

பெஞ்சையும் இரண்டு பெண்களையும் உருக்கிவிட்டேன். பின்னல் முதலில் போயிற்று. பிறகு முகங்கள்.

ரோசம்மாவுக்கு அந்தப் பெண்களைத் தெரியும். தெரியாதது அன்று நான் காட்டாத ஆளைத்தான்.

புளியங்கொட்டை முனை: முக்காட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளம். மிளகு முனை: தோடு கழற்றிய காதுத் துளை. நகம்: வெறும் கழுத்து, வளையல் இல்லாத மணிக்கட்டு. மெழுகை விளக்கில் லேசாகக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். மெழுகு வாசம். கை நகர்வது எங்கோ தண்ணீருக்குள் நகர்வது போல. சின்ன உருவம், ஆனால் உள்ளே நடக்க இடம் இருந்தது. எப்போது மணி நாலாயிற்று தெரியாது.

ஆகஸ்டு 11, வியாழன்

முடிந்தது. இடது காது கொஞ்சம் பெரிது. எனக்கும் அப்படித்தான்.

செல்லாயிக்குக் கண் கட்டிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினாள். முக்காடு. கன்னம். காது. மணிக்கட்டில் விரல் நின்றது. மறுபடி கழுத்துக்குப் போயிற்று.

“யார் சொல்.”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களே.”

கண்கட்டைத் தானே அவிழ்த்தாள். கையில் இருந்ததைப் பார்க்காமல் மேஜைமேல் வைத்தாள்.

ஆகஸ்டு 12, வெள்ளி

காற்று அடங்கியிருக்கிறது. மருந்து வந்த மரப்பெட்டியில் பஞ்சு வைத்தாயிற்று. நாளைக் காலை ரயிலில் செல்லாயியே கொண்டு போகிறாள். கடிதத்தை அங்கே யாரோ ஒருத்தி உரக்கப் படிப்பாள். முகம் தெரியாதவள் வாயில் என் விஷயம். படிக்கட்டும். ஐந்து தாள் கிழித்தேன். கிழிக்காமல் விட்டதன் நகல் இது:

ரோசம்மா,

பஞ்சுக்குள் இருப்பது நான். காலையில் தொடு, வெயில் ஏறினால் உன் கைச்சூட்டுக்கே இளகும். மேலிருந்து கீழே தடவு. கழுத்தில் ஒன்றும் இல்லை, தேடாதே. அன்று நீ பார்க்க வந்தது இதைத்தான். வெட்கப்பட்டு உன்னை வாசலில் நிறுத்தினேன். அது தவறு. தொட்ட பிறகு, நான் அங்கே வரலாமா என்று சொல். கொண்டு வருகிறவளிடம் வாய்வார்த்தையாக வேண்டாம்; அன்று உன்னைத் திருப்பியதும் வாய்வார்த்தைதான். யாரையாவது எழுதச் சொல். எழுத்தில் பதில் வேண்டும்.