சாப்பிட்டு இரண்டு மணி கழித்து

ஏனுங்க மாமா,

தங்கச்சி வளைகாப்புக்கு வேலந்தாவளம் போறேனுங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். கொள்ளுப்பருப்பும் அகத்திக்கீரையும் அடுப்படியில இருக்குது. சோறு நான் எடுத்து வெச்ச கிண்ணத்தளவுதான்.

போன வாரம் காலையில வெறும் வயித்துல உங்க நீரை அந்த நீலச் சோதனை மருந்துல காய்ச்சி, அது நிறம் மாறாம நீலமாவே இருக்கவும் “நீரிழிவு போயிருச்சு”ன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டீங்க. அன்னைக்கே மத்தியானம் சோதிச்சா செங்கல் நிறம், அத்தனை சர்க்கரை! “இனிப்பே தொடலையே, வெறும் அரிசிம்பருப்புச் சோறுதானே தின்னேன், மருந்துதான் கெட்டுப்போச்சு”ன்னு என்மேல பாஞ்சீங்க. அந்த அரிசிதானுங்க உள்ளே போய்ச் சர்க்கரையாகுது. நானும் அதே சோத்தைத் தின்னு, என் நீரை அதே மருந்துல காய்ச்சிப் பார்த்துட்டேன். சுத்த நீலம்! சிரிக்காதீங்க.

முந்தாநாள் மத்தியானம் பச்சை, நேத்தும் பச்சை; சர்க்கரை துளியூண்டுதான். இன்னைக்கும் செங்கல் வராட்டி இப்போதைக்கு இன்சுலின் ஊசி வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்குக் கால் தரையில பாவலீங்க!

ஒரு மணிக்குச் சாப்பிட்டு, மூணு மணிக்கு நீங்களே காய்ச்சுங்க. மருந்துல நீர் எட்டே சொட்டு. காய்ச்சற கண்ணாடிக் குழாயை மூஞ்சிக்கு நேரா பிடிக்காதீங்க.

மயிலாத்தாள்

பச்சைன்னா சாயங்காலம் களத்துமேட்டுல நின்னு துண்டை ஆட்டுங்க. வண்டியிலிருந்தே நானும் முந்தானையை ஆட்டுவேன். வண்டிக்காரன் என்ன நினைச்சாலும் சரி.

இன்னொண்ணு. செங்கல்னாலும் களத்துமேட்டுக்கு வாங்க. ஊசி குத்தறப்ப கையை நான் புடிச்சுக்கறேன். கத்தினா மட்டும் சிரிப்பேனுங்க.