பள்ளிவாசலுக்குள் வந்த பச்சைமுத்து

பழவேற்காடு, ஹிஜ்ரி 1072

ரபியுல் அவ்வல், பிறை 2

மழை விடவில்லை. ஏரியும் கடலும் ஒரே நிறம். நாயகம் (ஸல்) பிறந்த மாதம் என்பதால் தினமும் மாலை மக்ரிப் தொழுகைக்குப் பின் அவர்களுடைய குணங்களை மேடையிலிருந்து சொல்கிறேன். கல்லால் அடித்த தாயிப் ஊராரை அவர்கள் சபிக்க மறுத்ததை இன்று சொன்னபோது மதார் மரைக்காயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கப்பல்காரர், ஜமாஅத்தின் தலைவர். அவர் அழுதால் ஊரே அழும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறை 4

அஸர் தொழுகைக்கு வரிசை நிற்கும் நேரம். கோட்டைக்குப்பத்து மீனவன் பச்சைமுத்து நனைந்தபடி உள்ளே நுழைந்தான். நல்ல போதை. யாரும் தடுப்பதற்குள் மூலையில் நின்று சிறுநீர் கழித்துவிட்டான். பள்ளிவாசலுக்குள்! எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். நானும்தான். அவன் தலைமுடியைப் பிடித்தது என் கை — தொழவைக்கும் லெப்பையின் கை.

"அடிக்காதீங்க. உலாந்தா கப்பல் கெளம்பறப்ப கோட்டையில ஒப்படைச்சிடுவோம்," என்றார் மரைக்காயர். அவருடைய சரக்குக் கிட்டங்கியில் கட்டிப் போட்டார்கள்.

உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டைக்குள் போகிறவன் கதி எல்லோருக்கும் தெரியும். விலங்கு, கப்பல், கடலுக்கு அப்பால் பத்தாவியாவில் அடிமை வேலை. திரும்பி வந்தவனை நான் பார்த்ததில்லை.

தரையைக் கழுவியதும் நான் முன்னே நின்று தொழுகை நடத்தினேன்.

பிறை 5

அவன் மனைவி வேலம்மா வந்தாள். வீட்டு வாசலிலேயே நின்றாள், மழையில்.

"குடிக்கிற ஆளு இல்ல லெப்பையய்யா. காய்ச்சல்ல பொண்ணு பூட்டுச்சு. பொதச்சிட்டு வந்ததுலேர்ந்து இன்னா பண்றோம்னே அதுக்குத் தெரில."

என் மனைவி ஜுலைகா அவளைக் கைபிடித்து உள்ளே அழைத்துக் கஞ்சி கொடுத்தாள். அவள் போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தக் காட்டரபிய நாயகம் கட்டியா போட்டாங்க?"

சோறு இறங்கவில்லை. மதீனாப் பள்ளியில் ஒரு காட்டரபி இதையேதான் செய்தார். தோழர்கள் சீறி எழுந்தார்கள். நாயகம் தடுத்தார்கள் — விடுங்கள், முடிக்கட்டும். அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நீங்கள் எளிதாக்க அனுப்பப்பட்டவர்கள், கடினமாக்க அல்ல. பிறகு அவரைக் கூப்பிட்டு மெல்ல விளக்கினார்கள். எத்தனை வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன்! நேற்று யாருக்குமே ஞாபகம் வரவில்லையா?

எனக்கு வந்தது. அதுதான் கேவலம். அவன் முடி என் கையில் இருக்கும்போதே வந்தது. மரைக்காயர் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

பிறை 6

லுஹர் தொழுகைக்குப் பின், அவன் மகளைப் புதைத்துவிட்டு வந்தவன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, விட்டுவிடக் கேட்டேன்.

"ஓதுறது வேற, ஊரு நடத்துறது வேற லெப்பை," என்றார் மரைக்காயர். "இன்னிக்கு விட்டா நாளைக்கு எவனும் வருவான்."

"தரைய அன்னிக்கே கழுவியாச்சு மரைக்காயரே. நாயகம் அதுக்கு மேல ஒன்னும் கேக்கல. அவன கோட்டைக்கு அனுப்பிட்டு, அவங்க குணத்த நான் எந்த வாயால சொல்லுவேன்? இனிமே மேடையில உக்கார மாட்டேன்."

அவர் எழுந்து போய்விட்டார்.

வேறு லெப்பையைத் தேடுவார்கள் என்று ஜுலைகாவிடம் சொன்னேன். "தேடட்டுமே," என்றாள்.

பிறை 7

மேடை காலி. நான் பின்வரிசையில். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மரைக்காயர் மட்டும் காலி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறை 8

கோட்டைச் சேவகன் வீரராகவன் வந்தான். செய்தி எப்படியோ அங்கே போயிருக்கிறது. மரைக்காயரும் நானும் பள்ளிவாசல் படியில் நின்றிருந்தோம்.

"கப்பல் கெளம்புது. உள்ள வந்து அசிங்கம் பண்ணவன் எங்கன்னு துரை கேக்குறாரு."

மரைக்காயர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி யாரும் இல்ல," என்றார். "துக்கத்துல ஒருத்தர் வந்தாரு. தரை நனைஞ்சுது. கழுவிட்டோம்."

சேவகன் போனதும் கிட்டங்கிச் சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்களே அவுத்து விடுங்க. அவன் மூஞ்சியில முழிக்க எனக்கு வெக்கமா இருக்கு."

எனக்கு மட்டும் இல்லையா? அவிழ்த்தேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. மன்னித்துவிடு என்றேன். அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பொண்ணு பேரு கஸ்தூரி அய்யா," என்றான்.

பிறை 10

மரைக்காயர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேடையில் உட்கார்ந்தேன். நாயகம் தம் பச்சிளம் மகனைப் பறிகொடுத்துக் கண்ணீர் விட்டதைச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வெளியே, கூரையோரம் மழைக்கு ஒதுங்கிக் குப்பத்து ஆட்கள் சிலர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பச்சைமுத்துவும் இருந்தான்.

பாதிப் பேச்சில் மரைக்காயர் எழுந்தார். போகிறார் என்றுதான் நினைத்தேன். தாழ்வாரத்துக்குப் போய், தம் கையாலேயே அவர்களுக்குப் பாய் விரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.